படத்துக்கு நாலாவது ஆள்

"கொஞ்சம் சிரிங்கண்ணா."

"எதுக்கு?"

இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அன்றைக்கு வரை இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஒரு மனிதர் மத்தியான வெயிலில் டவுன் பஸ் பிடித்து வந்து, சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே முன்பின் தெரியாத ஒரு குண்டுப் பெண்மணி, கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் காட்டு என்கிறாள். நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன்.

அவர் எழுந்து போகவில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெயர் ஆறுமுகம். மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். வருகிறவர்கள் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா, ஓசிச் சாப்பாடா என்று முகத்தைப் பார்த்தே பிரிக்கிற வேலை. அந்த வேலைக்கென்று வைத்திருந்த முகத்தை அவர் வீட்டுக்கு வந்தும் கழற்றுவதில்லை என்று தெரிந்தது. பெயரில் ஆறு முகம். எனக்குக் காட்டியது அந்த ஒன்றைத்தான்.

அவருக்கு இந்தப் பக்கம் மனைவி மல்லிகா, அந்தப் பக்கம் மகள் நித்யா. நித்யா நர்ஸ். வெள்ளிக்கிழமை காலை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். நான் சொல்வது புதன்கிழமை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் கேமராவைக் கடலில் போட்ட கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் எடுத்ததிலேயே உங்களுக்குப் பிடித்த முகம் எது?" என்று கேட்டிருந்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த ஆறுமுகத்தின் முகம்தான். ஆனால் அதை எடுத்தது நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

நித்யா கேட்டது

அதற்கு முந்தைய நாள் நித்யா மட்டும் தனியாக உழவர்கரையில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். விசாவுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவள் நான்தான் என்பதால் கொஞ்சம் பழக்கம். வந்தவள் உட்காரவில்லை. கைப்பை வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, எங்கப்பா என்கூட பேசி ரெண்டு மாசம் ஆவுது."

"ஏன்டி, வீட்டுல இல்லையா அவரு?"

"எதிர்லயேதான் குந்தினு இருப்பாரு. 'மல்லிகா, அவளுக்கு சோறு போடு'ம்பாரு. நான் தட்டோட அங்கதான் இருப்பேன். 'மல்லிகா, வண்டிக்கு பெட்ரோல் இருக்கான்னு அவகிட்ட கேளு'ம்பாரு. எங்கம்மா திரும்பி என்னாண்ட கேக்கும்."

காரணம் பெரிய ரகசியம் இல்லை. வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டுப் போடவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார், அதனால் கேட்கவில்லை. நம் வீடுகளில் பாதிச் சண்டை இந்த வகைதான். அவர் கடைசியாக மகளைப் பார்த்து நேராகச் சொன்ன வாக்கியம், "ஊரே பிரான்சுக்குப் போவுது, ஒனக்கு மட்டும் ஜெர்மனியா?" என்பது. பாண்டிச்சேரிக்காரருக்கு அதில் ஒரு மானப் பிரச்சினையும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

"எனக்கு ஒரே ஒரு படம் வேணும்க்கா," என்றாள். "அவரு என்னப் பாத்து கோவமில்லாம இருக்கற மாதிரி. சிரிக்கக்கூட வேணாம். அங்க போயி நான் அத்தத்தான் பாத்துனு இருக்கணும். இல்லன்னா அந்த மொறச்ச மூஞ்சிதான் கண்ணுல நிக்கும்."

நான் மார்தட்டினேன். "நாளைக்கு இட்டுனு வா. நான் சிரிக்க வெச்சுக் காட்டறேன்." வாய்க்கொழுப்பு என்பது இதுதான்.

வாயை மூடுங்க

இந்த மார்தட்டலுக்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. நான் தொழில் கற்றதே சிரிப்பை அடக்குவதில்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோ டவுனுக்குள் இருந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வரும் கடை. அந்தப் படத்துக்கு ஆயிரம் சட்டம். காது தெரிய வேண்டும், நிழல் விழக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், சந்தோஷமாக இருப்பதற்கான எந்த அடையாளமும் இருக்கக்கூடாது. "சிரிக்காதீங்க", "வாயை மூடுங்க", "தாடையை இறக்குங்க" என்று பெரிய மனிதர்களையெல்லாம் நாள் முழுக்க அதட்டுவேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் அடங்காது. என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் என்னிடம் தாடையை இறக்கியபடியேதான் பேசினார்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். சொன்னவர் தன் ஆதார் அட்டையைப் பார்க்காதவர்.

ஒரு நாள் ஒரு பழைய சொல்தா வந்தார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர், மிலிட்டரி மீசை. சொன்னபடியெல்லாம் கல் மாதிரி உட்கார்ந்தார். படம் எடுத்து முடித்து, "ஆச்சுங்க" என்றேன். அவ்வளவுதான், அந்த முகம் பூசணிக்காய் உடைந்த மாதிரி மலர்ந்தது. முன்னால் இரண்டு பல் இல்லை. "மெர்சி மதாம்," என்று நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனங்களுக்கு கிளிக் சத்தம் கேட்ட பிறகுதான் முகமே வருகிறது. அதுவரை அவர்கள் ஏதோ தேர்வு எழுதுகிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். ஒரு பொய் கிளிக் அடிப்பேன். "ஆச்சு" என்பேன். அப்பாடா என்று தோளை இறக்குவார்கள் பாருங்கள், அப்போது நிஜ கிளிக். இந்த ஊரில் என் பெயர் ஓடுவதற்கு மூலதனமே இந்த மோசடிதான்.

ரெடிமேட் இயல்பு

இப்போது காலம் மாறிவிட்டது. எல்லோருக்கும் இயல்பாக இருக்கிற படம்தான் வேண்டுமாம். 'கேண்டிட்' என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிகள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு வந்து, பழைய பிரெஞ்சுத் தெருக்கள் இருக்கும் ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் கிடைக்குமா என்று அலைகிறார்கள். ஒரு சுவருக்கு நான்கு ஜோடி வரிசையில் நிற்கும். நம் ஊர் ரேஷன் கடையில் இத்தனை ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

அந்தச் சுவர்களில் ஒன்றின் சொந்தக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலை கைலியோடு நாற்காலியைக் கொண்டுவந்து சுவருக்கு நடுவில் போட்டு, பேப்பரை விரித்துவிட்டார். அன்றைக்கு வந்த அத்தனை ஜோடிப் படத்திலும் ஓரத்தில் ஒரு முழங்காலும் ராசிபலன் பக்கமும் இருக்கும். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். அந்தத் தெருவிலேயே இயல்பாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அங்கே ஒரு மணப்பெண் என்னிடம், "மேம், அந்த கேண்டிட் சரியா வரல. மறுபடி அதே மாதிரி தற்செயலா திரும்பட்டுமா?" என்று கேட்டாள். திரும்பினாள். பதினோரு தடவை தற்செயலாகத் திரும்பினாள். பன்னிரண்டாவது தடவை கழுத்து சுளுக்கிக்கொண்டது. அந்த "ஆ"வை எடுத்தேன். அதுதான் நல்ல படம். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

மீனா, மூஞ்சியா

தெரியாமல் எடுத்தால்தான் இயல்பாக வரும் என்று எனக்கும் ஒரு காலத்தில் திமிர் இருந்தது. நீளமான லென்ஸ் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். காலையில் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய், படகு மறைவில் நின்று, மீன் விற்கும் பெண்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை என்று ஒரு அம்மாள். முன்னால் வஞ்சிரம் நாலைந்து. யாரோ கேட்ட அடிமாட்டு விலைக்கு வாய் நிறைய ஏசிக்கொண்டிருந்தாள். காற்றில் தலைமுடி நான்கு திசைக்கும் பறக்கிறது, கையில் கத்தி, கண்ணில் நெருப்பு. அடடா என்று ஆறு ஏழு அழுத்தியிருப்பேன். கத்தி என் பக்கம் திரும்பியது.

"இங்க வாம்மா. ஒன்னத்தான். ஒளிஞ்சினு என்னா பண்ற?"

போனேன். போகாமல் இருக்க முடியுமா?

"ஒனக்கு மீனு வேணுமா, மூஞ்சி வேணுமா? மீனுன்னா வெல கேளு. மூஞ்சின்னா என்னாண்ட கேளு. ரெண்டுத்தையும் கேக்காம எடுத்தா அதுக்கு பேரு வேற."

படத்தைக் காட்டினேன். எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள் என்று விளக்கமும் சொன்னேன். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சீ, அழி. இவ்ளோ இயல்பு வேணும்னா ஒன் மூஞ்சிய எடுத்து நடு வீட்டுல மாட்டிக்க."

சுற்றி நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். அழிப்பது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யாருடைய முகமோ அவர் அழி என்றால், மறுபேச்சு இல்லாமல் அழித்துவிட வேண்டும். இதுவரை மீறியதில்லை. புதன்கிழமை வரை அது எனக்குச் சிரமமாகவும் இருந்ததில்லை.

வித்தையெல்லாம் காட்டினேன்

சரி, ஆறுமுகம் அண்ணனிடம் வருவோம்.

முதலில் அவரைத் தனியாக, பிறகு அவரையும் மல்லிகாவையும் ஜோடியாக, பிறகு அவரையும் நித்யாவையும். ஒவ்வொரு தடவையும் பொய் கிளிக் போட்டேன். "ஆச்சுண்ணா" என்றேன். தோள் இறங்கவில்லை. முகம் முன்பு எப்படியோ பின்பும் அப்படியே. என் இருபத்தைந்து வருட மோசடியை அந்த மனிதர் ஒரு நிமிடத்தில் முறியடித்தார்.

ஜோக் சொன்னேன். மல்லிகா மட்டும் சிரித்தாள். மில்லைப் பற்றிக் கேட்டேன். "மூடிட்டாங்க," என்றார். மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். "தொறந்துதான் இருக்குது," என்றார்.

"அண்ணா, பொண்ணக் கொஞ்சம் பாருங்க."

திரும்பினார். நித்யாவின் காதைத் தாண்டி, சுவரில் இருந்த பிளக் பாயிண்டைப் பார்த்தார். "பாத்துட்டேன்," என்று மறுபடி நேராகத் திரும்பிக்கொண்டார்.

நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். லென்ஸ் வழியாக அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். நாளை மறுநாள் கிளம்பப் போகிற பெண். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏதாவது சொல்லி வைத்துவிடுவேனோ என்று பயந்து லென்ஸைத் துடைத்தேன்.

கடைசியாக மூன்று பேரையும் சேர்த்து உட்கார வைத்தேன். நடுவில் அவர், இடது பக்கம் மல்லிகா, வலது பக்கம் நித்யா. நித்யாவுக்குக் கிடைத்தது என் கடையின் ஆடுகிற ஸ்டூல். ஒரு கால் குட்டை. சரி செய்ய வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டே, அட்டையை மடித்து அடியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேமராவில் கண்ணை வைத்ததும் மல்லிகா கத்தினாள்.

"யம்மா! மூணு பேரா எடுக்கறியே!"

நாலாவது ஆள்

மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொண்டால் ஆகாது. யார் சொன்னது, ஏன் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. செல்போனில் எடுத்தால் பரவாயில்லையாம். ஸ்டூடியோவில் எடுத்தால்தான் தோஷமாம். இதை நம்பாத படித்தவர்கள்கூட, "எதுக்கு வம்பு" என்று ஒரு ஆளைத் தேடுவார்கள்.

ஆகவே ஒரு ஸ்டூடியோவுக்கு கேமரா எவ்வளவு முக்கியமோ, நாலாவது ஆளும் அவ்வளவு முக்கியம். என் கடையில் அந்தப் பதவி என் வீட்டுக்காரருக்கு. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு ஆல்பத்தில் ஓரமாகக் கை கட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான். பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டில், படத்தில் நிற்கும் இது யார் என்று குழந்தை கேட்டுக் கேட்டு, கடைசியில் துபாய் மாமா என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். மாமா ஏன் எதுவும் வாங்கி வரவில்லை என்று அந்தக் குழந்தைக்கு இன்னும் வருத்தம்.

ஒரு தடவை ஒரு தம்பதி முதல் குழந்தையோடு வந்தார்கள். மூன்று பேர். நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன். அந்தப் பெண் வெட்கத்தோடு வயிற்றைத் தொட்டு, "நாலு பேருதான்க்கா," என்றாள். கணக்கு சரிதான். எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை என்று பார்த்து என் வீட்டுக்காரர் ஆல்பம் வாங்க விழுப்புரம் போயிருந்தார். பக்கத்து டீக்கடையில் மாஸ்டர் லீவு. கைவசம் இருந்தது ரோசி மட்டும்தான். ரோசி என்பது ஒரு ரப்பர் பொம்மை. அவசரத்துக்கு மடியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு கண் எப்போதோ விழுந்துவிட்டது. ரோசியை எடுத்து ஆறுமுகம் அண்ணன் மடியில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். அது ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

"அத்த தூரப் போடும்மா," என்றார். "பொண்ணு போவும்போது எடுக்கற படத்துல ஒத்தக் கண்ணு பொம்மையா?"

அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அதில் 'பொண்ணு' என்று ஒரு சொல் இருந்ததை மல்லிகா கவனித்தாள், நானும் கவனித்தேன். நித்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"அப்போ நானே நிக்கறேன்," என்றேன்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். பத்து விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தேன். ஒரு படத்தில் யாராவது கண்ணை மூடித் தொலைப்பார்கள் என்பதால், வரிசையாக ஏழு படம் எடுக்கும்படி சொல்லிவைத்தேன். பட்டனை அழுத்திவிட்டு மல்லிகா பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நான்கு எட்டுதான். பத்து விநாடி தாராளம்.

என் உடம்புக்கு ஓட்டம் என்பது எப்போதுமே ஒரு அறிவிப்பு மட்டும்தான். ஆனாலும், எல்லோரும் சரியாக இருக்கிறார்களா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடினேன். இரண்டாவது எட்டில் குடை மாட்டிய ஸ்டூடியோ விளக்கின் வயர் கால் விரலில் மாட்டியது. விளக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் மல்லிகாவின் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்தேன். தலை அவர்கள் பக்கம், பின்புறம் கேமரா பக்கம். பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

வயர் மாட்டும்போதே கேமரா டக், டக், டக் என்று ஆரம்பித்திருந்தது.

கீழே கிடந்தபோது

முதலில் மல்லிகாவிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், குக்கர் விசில் போட்ட மாதிரி. அடுத்தது நித்யா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து குனிந்து சிரித்தாள். ரொம்ப நேரம் அடக்கியிருந்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்துக் கிடந்தேன், காதால் கேட்டதுதான்.

தூக்கி உட்கார வைத்தார்கள். நித்யா நர்ஸ் ஆகிவிட்டாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். "எலும்புக்கு ஒண்ணும் இல்லக்கா. ஐஸ் வெக்கணும். யம்மா, வா, அந்த ஜூஸ் கடையில வாங்கினு வந்துடலாம்." இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். தெரு முனை வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

கடையில் நானும் அவரும். அவர் அதே இடத்தில், அதே முகத்தோடு. நான் நொண்டிக்கொண்டே போய் கம்ப்யூட்டரில் படங்களை ஏற்றினேன். நித்யாவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று, முழங்காலும் போயிற்று, மானமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மிஞ்சவில்லை. முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் நான் பறக்கிறேன். மூன்றாவதில் திரையில் கால் பங்கு என் பின்புறம்.

நான்காவது படம் வந்ததும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மல்லிகா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நித்யா என்னைப் பார்த்துக் குனிந்து சிரிக்கிறாள், அவள் உட்கார்ந்திருந்த ஆடுகிற ஸ்டூலின் பின்னங்கால் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. ஆறுமுகம் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவர் நித்யாவைப் பார்க்கிறார். பிளக் பாயிண்டை அல்ல, மகளை. அவர் வலது கை எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. தொடவில்லை. விழுந்தால் பிடிப்பதற்குத் தயாராக, விரல் ஐந்தையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. அந்த முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை. பயம் இருந்தது. பிள்ளை விழுந்துவிடுவாளோ என்கிற பயம்.

ஐந்தாவது படத்தில் கை மடிக்கு வந்துவிட்டது. முகமும் பழையபடி ஆகிவிட்டது. ஏழு படத்தில் அந்த ஒன்றுதான்.

இருபத்தைந்து வருடம் ஜோக் சொல்லி, பொய் கிளிக் அடித்து, படகு மறைவில் ஒளிந்து நான் தேடிய சாமான் இதுதான். அது கிடைத்தபோது நான் கேமராவுக்குப் பின்னால் இல்லை. யாருமே இல்லை. பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததும் அந்த மனிதர் தன் மகளைப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளும் இடைஞ்சலாக நின்றது நான்தான் போல.

"அத்த அழிச்சிடும்மா."

எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு வைத்திக்குப்பம் அஞ்சலையை நான் மனதுக்குள் திட்டிய மாதிரி யாரையும் திட்டியதில்லை. சட்டம் போட்டது நான். முகம் அவருடையது. மௌஸை நகர்த்தி, அந்தப் படத்தின் மேல் வைத்து, அழிப்பதற்கான பட்டனை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்கு இருக்கிற இரக்கம்கூட மனிதருக்கு இல்லை.

என் விரல் நகரவில்லை.

"அண்ணா, இத்த நான் எடுக்கல. நான் கீழ கெடந்தேன். நீங்களே அழுத்திடுங்க," என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன்.

அவர் உட்கார்ந்தார். மௌஸைப் பிடிக்கத் தெரியவில்லை. எலியைப் பிடித்த மாதிரியே பிடித்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"ஸ்டூலு ஆடுச்சு," என்றார். "வுழுந்துடப் போவுதேன்னு."

"ஆமாண்ணா. அது ஆடற ஸ்டூலுதான்."

"சரி பண்ணக் கூடாதா நீ?"

"பண்ணணும்ண்ணா."

பிறகு என்னிடம் கேட்டாரா, திரையிடம் கேட்டாரா தெரியாது, குரல் மட்டும் தாழ்ந்துபோயிருந்தது. "அங்க ஸ்டூலு ஆடுனா யாரும்மா புடிப்பாங்க?"

எனக்கு வாய் உண்டு என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு நொண்டிக்கொண்டே போய், அந்த ஸ்டூலுக்கு அடியில் நழுவியிருந்த அட்டையைத்தான் மறுபடி மடித்து வைத்தேன்.

அவர் மூக்கை உறிஞ்சினார். வாட்ச்மேன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மௌஸை மெதுவாக மேஜையில் விட்டுவிட்டு, "இது சின்னதா வருமா?" என்றார். "பொட்டியில வெக்கற மாதிரி?"

"வரும்ண்ணா. இப்பவே போட்டுத் தரேன். ஓரத்துல நான் கெடக்கறேன் பாருங்க, அத்த மட்டும் வெட்டிட்டு..."

"வெட்டாத," என்றார் அவசரமாக. "ஒன்ன வெட்டிட்டா மூணு பேரு ஆயிடும். நீ இருந்துட்டுப் போ."

ஆக, ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரில், நித்யாவின் கட்டிலுக்கு மேலே என் பின்புறம் இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண்கள் இது யார் என்று கேட்பார்களாம். "நாலாவது ஆள்" என்று சொல்லி வைத்திருக்கிறாளாம்.

ஐஸோடு அவர்கள் திரும்பி வந்தபோது, பிரிண்டரிலிருந்து வந்த படத்தை அவர் விரல் படாமல் ஓரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். மல்லிகா வழக்கம்போல நடுவில் வந்து கையை நீட்டினாள், வாங்கி மகளிடம் கொடுக்க. இரண்டு மாதமாக அதுதானே அவள் வேலை. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

"நித்யா," என்றார். "இந்தா. மடிச்சிடாத. துணிக்கு நடுவுல வை."

நித்யா படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரிப்பா," என்றாள்.

என் முழங்காலுக்கு வந்த ஐஸ் மல்லிகாவின் கையிலேயே உருகித் தீர்ந்தது.